வீட்டு பீரில் சர்க்கரையும் ஆல்கஹாலும்: அளவு தப்பாக வந்தால் எங்கே தேடுவது?

அளவுகருவியில் எண் எதிர்பார்த்தபடி வராவிட்டால், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பீர் கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி ஈஸ்ட் போடுகிறார்கள், கூடுதலாகச் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள், சிலர் வாளியையே கவிழ்த்துவிடுகிறார்கள். இவர்களில் பலருடைய பீரில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. கோளாறு, அளப்பதற்கு எடுத்த அந்த ஒரு குவளை மாதிரியில் இருக்கிறது. சூடாக எடுத்திருப்பார்கள், கலக்காமல் எடுத்திருப்பார்கள், அல்லது வாயுவோடு எடுத்திருப்பார்கள். எண்ணை நம்பலாம் என்று உறுதியாகும்வரை பீரைத் தொடாதீர்கள். கீழே உள்ள எல்லா வழிமுறைக்கும் அதுதான் அடிப்படை.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978-ல் கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்தது. தமிழ்நாட்டில் இதற்கு அனுமதி இல்லை. ஆகவே இது அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதியது. எடுத்துக்காட்டுகளுக்கு, பிரிட்டிஷ் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 23 லிட்டர் டின் கிட்டையே எடுத்துக்கொள்கிறேன். மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியம், அதன் கெட்டிப் பாகை டின்னில் அடைத்து விற்பது அது. தண்ணீர் சேர்த்து 23 லிட்டராக்க வேண்டும்.

ஹைட்ரோமீட்டர் வேறொன்றும் இல்லை, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டருக்கு உடன்பிறப்பு. திரவம் கனமாக இருந்தால் உயரமாக மிதக்கும், லேசாக இருந்தால் ஆழமாக இறங்கும். சுத்தமான தண்ணீர் 1.000. மால்ட்டைக் கரைத்துக் காய்ச்சிய இனிப்புச் சாறு, அதாவது வோர்ட், 1.040 அல்லது 1.050 காட்டும். ஈஸ்ட் போடுமுன் எடுப்பது தொடக்க அடர்த்தி, நொதித்து முடிந்தபின் எடுப்பது முடிவு அடர்த்தி. 1.048 என்பதை 48 புள்ளி என்று சொல்வது வழக்கம், நானும் அப்படியே சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கருவியைச் சோதியுங்கள். உள்ளே இருக்கும் காகிதத்தில் எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ், பழைய பிரிட்டிஷ் கருவிகளில் 15.5. அந்த வெப்பநிலையில் காய்ச்சி வடித்த நீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்ட வேண்டும்.

நிறையப் பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. 1.000-ல் சரியாக இருந்து அதற்கு மேலே தப்பாகக் காட்டும் கருவிகளும் உண்டு. சமையலறைத் தராசில் 25 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் 225 கிராம் தண்ணீரும் எடுத்து முழுதாகக் கரையுங்கள். எடையில் பத்துக்கு ஒரு பங்கு சர்க்கரை, அதாவது 10 பிரிக்ஸ். 20 டிகிரியில் இது 1.040 காட்ட வேண்டும். தண்ணீரில் இரண்டு புள்ளி கூட, சர்க்கரைநீரிலும் இரண்டு புள்ளி கூட என்றால் உள்ளே காகிதம் நகர்ந்திருக்கிறது. கண்ணாடியின்மேல் குறித்துவைத்து எப்போதும் இரண்டைக் கழித்துக்கொள்ளலாம். தண்ணீரில் சரி, சர்க்கரைநீரில் தப்பு என்றால் அந்தக் கருவியை மாற்றிவிடுவது நல்லது. காகிதம் நகர்வதற்கு முக்கியக் காரணம், கொதிக்கும் சாற்றில் நேராக இறக்குவது. பசை இளகிவிடுகிறது, கண்ணாடியே விரிசல் விடுவதும் உண்டு.

"டின்னில் 1.039 என்று போட்டிருக்கிறது, எனக்கு 1.028 தான் வருகிறது"

டின் கிட்டில் மிக அதிகமாக வரும் புகார் இதுதான். கெட்டியான மால்ட் பாகை இரண்டு மூன்று லிட்டர் வெந்நீரில் கரைத்து, மேலே குளிர்ந்த நீரை ஊற்றி 23 லிட்டருக்குக் கொண்டுவருகிறோம். பாகு கனம், அடியில் தங்கும். மேலே நிற்பது நீர்த்த சாறு. மேலிருந்து மாதிரி எடுத்தால் குறைவாக வரும். அதே வாளியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து எடுத்தால் 1.055 கூட வரலாம். இரண்டுமே அந்த வாளியின் உண்மையான அளவு இல்லை.

நீண்ட கரண்டியால் அடிவரை விட்டு ஐந்து நிமிடம் நன்றாக அடித்துக் கலக்குங்கள். ஈஸ்ட்டுக்குத் தேவையான ஆக்சிஜனும் அப்போதே கலந்துவிடும். பிறகு அளந்து பாருங்கள். ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டதா? கவலை வேண்டாம். நொதிக்கும்போது ஈஸ்ட்டே எல்லாவற்றையும் கலக்கிவிடும். உங்களுக்குத் தேவை தொடக்க எண், அதைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம்.

ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை ஒரு லிட்டர் கரைசலுக்குச் சுமார் 385 புள்ளி தரும். உலர்ந்த மால்ட் தூள் 365, மால்ட் பாகு 300. கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். 1.7 கிலோ டின் 510, ஒரு கிலோ சர்க்கரை 385, ஆக 895. இதை 23-ஆல் வகுத்தால் 39. அதாவது 1.039. டின்னில் இருந்த பாகும் சர்க்கரையும் முழுதாக வாளிக்குள் போயிருந்தால், அளவும் சரியாக 23 லிட்டர் என்றால், எண் இதைவிட்டு எங்கும் போக முடியாது. டின் கிட்டைப் பொறுத்தவரை ஹைட்ரோமீட்டரைவிட இந்தக் கணக்கையே நான் அதிகம் நம்புகிறேன்.

கணக்கும் அளவும் இன்னும் ஒத்துப்போகவில்லையா? அப்படியானால் வாளியின் கோட்டைச் சந்தேகியுங்கள். அச்சிலேயே வந்திருக்கும் லிட்டர் கோடுகள் தப்பாக இருப்பதுண்டு. ஒரு லிட்டர் ஜாடியால் ஊற்றி ஊற்றி நீங்களே ஒருமுறை கோடு போட்டுவிடுங்கள். 23 என்று நினைத்து 25 ஊற்றியிருந்தால் 39 புள்ளி 36 ஆகிவிடும்.

தானியத்தை நீங்களே ஊறவைத்துச் சாறு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அரவை, வெப்பநிலை, வடித்த விதம் எல்லாவற்றையும் பொறுத்து உண்மையாகவே சர்க்கரை குறைவாக இறங்கியிருக்கலாம். ஆனால் அங்கேயும் முதல் சந்தேகம் சூட்டின்மேல்தான்.

"கொதித்த உடனே அளந்தேன், எண் ரொம்பக் குறைவு"

சூடான திரவம் விரிந்து லேசாகிறது, ஹைட்ரோமீட்டர் ஆழமாக இறங்குகிறது. 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியில், மாதிரி 25 டிகிரியில் இருந்தால் ஒரு புள்ளி கூட்ட வேண்டும், 30-ல் இரண்டரை, 40-ல் ஆறு, 60-ல் பதினைந்து. குளிர்பெட்டியில் இருந்து 10 டிகிரியில் எடுத்தால் ஒன்றரை புள்ளி கழிக்க வேண்டும்.

30-க்கு மேல் இந்தத் திருத்தத்தை நம்ப வேண்டாம். உங்கள் வெப்பமானி இரண்டு டிகிரி தப்பாக இருந்தாலே திருத்தமும் தப்பு. போதாக்குறைக்கு, திறந்த குவளையில் ஆறும்போது நீர் ஆவியாகிச் சர்க்கரை செறிந்துவிடும். மூடி போட்ட எஃகுக் குவளையில் மாதிரியை எடுத்து, ஐஸ் தண்ணீரில் வைத்து 20-க்குக் கொண்டுவந்து அளப்பதே நேர்வழி. சில நிமிட வேலைதான்.

"மூன்று முறை பார்த்தால் மூன்று எண்"

ஹைட்ரோமீட்டரை மாதிரியில் விட்டுக் கூர்ந்து பாருங்கள். தண்டின் அடிக்குமிழைச் சுற்றிச் சின்னச் சின்ன வாயுக்குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் விட்டால் இன்னும் சேரும், கருவி மெல்ல மேலே எழும்பும். நொதிக்கும் பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு செய்யும் வேலை அது. இரண்டு மூன்று புள்ளியை அது சுலபமாகக் கூட்டிக்காட்டும். கருவியைச் சுண்டிவிட்டுச் சுழற்றினால் குமிழ் உதிரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி சேரும். மாதிரியை இரண்டு டம்ளருக்கு இடையே நம் ஊரில் காபி ஆற்றுவதுபோல் பத்துப் பதினைந்து முறை ஆற்றுங்கள். நுரை அடங்கியபின் அளவுஜாடியில் ஊற்றுங்கள். அவசரமில்லை என்றால் அப்படியே ஒரு மணி நேரம் மூடிவைத்துவிட்டு அளக்கலாம். காபி வடிதாளில் வடித்தாலும் வாயு போய்விடும், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் மிதக்கும் துகளும் நிற்கும்.

அடுத்தது கண். ஜாடியைச் சமதளத்தில் வைத்து, திரவ மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இடமாறு தோற்றப்பிழை வரும் என்று பள்ளி ஆய்வகத்தில் படித்ததுதான். தண்டைச் சுற்றித் திரவம் கொஞ்சம் ஏறி நிற்கும். அந்த வளைவின் உச்சியைப் பார்க்காமல், சமமாக நிற்கும் மட்டத்தைப் படிக்க வேண்டும். உச்சியைப் படிக்கச் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன, கூட வந்த தாளில் அது எழுதியிருக்கும். ஜாடி ரொம்பக் குறுகலாக இருந்து கருவி சுவரில் ஒட்டினாலும் எண் மாறும். தண்டின் மேற்பகுதியில் ஒட்டிய நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் கனத்தைக் கூட்டி இறக்கும், துடைத்துவிட்டு விடுங்கள்.

அளந்த மாதிரியை வாளியில் திரும்ப ஊற்ற வேண்டாம். கிருமி உள்ளே போகும். குடித்துப் பாருங்கள். சுவைத்துப் பார்ப்பதும் ஒரு அளவைதான், இனிப்பு மிச்சம் இருந்தால் நாக்கு சொல்லிவிடும்.

"ரிஃப்ராக்டோமீட்டரில் 6 பிரிக்ஸுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது"

தயவுசெய்து இந்த எண்ணைப் பார்த்து ஈஸ்ட் போட்டுவிடாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் எடையை அளப்பதில்லை, ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை அளக்கிறது. சர்க்கரை ஒளியை வளைக்கும். ஆல்கஹாலும் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும். நொதித்தபின் சர்க்கரை குறைந்த இடத்தில் ஆல்கஹால் வந்து நிற்பதால், கருவி அதையும் சர்க்கரையாக எண்ணிக்கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, 12.4 பிரிக்ஸில், அதாவது 1.050-ல் தொடங்கிய பீர் கடைசியில் 6 பிரிக்ஸ் காட்டுகிறது என்று வையுங்கள். அட்டவணையைப் பார்த்து அப்படியே மாற்றினால் 1.024. அந்தக் கணக்கில் ஆல்கஹால் 3.4 சதவீதம். பயப்படத் தோன்றும். ஆனால் அந்த பீரில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.011 அளவில் இருக்கும், ஆல்கஹால் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே. பீர் முடிந்துவிட்டது, எல்லாம் நலம்.

தொடக்க பிரிக்ஸ், முடிவு பிரிக்ஸ் இரண்டையும் கேட்கும் கணிப்பான்கள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள். ஆனால் அவை தருவது மதிப்பீடு. புட்டியில் அடைக்கும் முடிவை ஹைட்ரோமீட்டரை வைத்தே எடுங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் ஜொலிக்கும் இடம் காய்ச்சும் நாள். இரண்டு சொட்டு போதும், சட்டென்று தெரிந்துவிடும்.

காய்ச்சும் நாளிலேயே தப்பாகக் காட்டுகிறதா? மூன்று இடம் பாருங்கள். முதலில், காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகி வையுங்கள், ஒவ்வொரு முறையும். அடுத்து, கருவி தானாக வெப்பத்தைச் சரிசெய்யும் என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான், கொதிக்கும் சொட்டுக்கு அல்ல. அப்புறம், பிரிக்ஸ் அளவுகோல் கரும்புச் சர்க்கரைக்கானது, மால்ட் சர்க்கரைக்கு அல்ல. வந்த எண்ணை 1.04-ஆல் வகுப்பது வழக்கம். 12.9 என்றால் 12.4. மலிவான கருவிகளில் பிரிக்ஸுக்குப் பக்கத்திலேயே அடர்த்திக் கோடும் அச்சிட்டிருப்பார்கள். அதில் சில, பிரிக்ஸை நாலால் பெருக்கிப் போட்டவை. 20 பிரிக்ஸ் உண்மையில் 1.083, அந்தக் கோட்டில் 1.080 என்றிருக்கும். பிரிக்ஸை மட்டும் படியுங்கள்.

"ஹைட்ரோமீட்டரிலும் 1.020-லேயே நிற்கிறது"

வாயு நீக்கி, 20 டிகிரியில், சோதித்த கருவியில் அளந்தும் 1.020 என்றால் இப்போது பீரைப் பற்றி யோசிக்கலாம். வாயு வெளியேற மூடியில் செருகும் ஏர்லாக்கில் குமிழ் நின்றதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூடி சரியாக அழுந்தாத வாளியில் வாயு பக்கவாட்டில் போய்விடும். முடிந்துபோன பீரிலும் அறை சூடேறினால் குமிழ் வரும்.

நொதிக்கவே முடியாத சர்க்கரை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மில்க் ஸ்டௌட் என்ற கறுப்பு பீரில் போடும் லாக்டோஸை, அதாவது பால்சர்க்கரையை, பீர் ஈஸ்ட் தொடாது. 20 லிட்டரில் 400 கிராம் போட்டிருந்தால் அதுவே எட்டு புள்ளி, கடைசிவரை அப்படியே இருக்கும். தானியத்தை 69, 70 டிகிரியில் ஊறவைத்திருந்தாலும் நொதிக்காத சர்க்கரை அதிகம் வரும். அதே 1.020 ஒரு பீருக்கு முடிவு, இன்னொரு பீருக்குப் பாதிவழி.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய மதுவாலைகள் செய்யும் சோதனையை வீட்டிலும் செய்யலாம். கால் லிட்டர் பீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, சில கிராம் உலர் ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டு, வாயை லேசாக மூடி, 25 டிகிரியில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். மூன்று நாளில் அளந்து பாருங்கள். பாட்டிலில் இருப்பது 1.012-க்கு இறங்கினால் வாளியில் இன்னும் எட்டு புள்ளி சர்க்கரை மிச்சம். வாளியை இரண்டு மூன்று டிகிரி சூடான இடத்துக்கு மாற்றி, அடியில் உறங்கும் ஈஸ்ட்டை மெல்ல எழுப்பிவிடுங்கள். பாட்டிலும் 1.020-லேயே நின்றால் அதுதான் முடிவு, அடைக்கலாம்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டுவிட வேண்டாம். ஒரு புள்ளி சர்க்கரை புட்டிக்குள் நொதித்தால், ஒரு லிட்டர் பீருக்குச் சுமார் அரை லிட்டர் கரியமில வாயு தரும். சாதாரண ஏல் வகை பீருக்கு வேண்டியதே இரண்டு, இரண்டரை லிட்டர்தான், அதைத் தனியாகச் சர்க்கரை போட்டே கொண்டுவருகிறோம். நாலு புள்ளி மிச்சத்தோடு அடைத்தால் இன்னும் இரண்டு லிட்டர் சேரும். கண்ணாடிப் புட்டி வெடித்துச் சில்லு பறப்பது இப்படித்தான். மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டும் அடையுங்கள்.

"1.000-க்கும் கீழே போய்விட்டது"

ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. அதனால் ஆப்பிள் சைடரும் ஒயினும் 0.995-க்கு இறங்குவது இயல்பு. பீரில் அப்படி வந்தால் முதலில் கருவியையும் வெப்பத்தையும் சோதியுங்கள். பெரிய சர்க்கரைகளை உடைக்கும் குளூக்கோஅமைலேஸ் நொதி போட்டிருந்தால் எதிர்பார்த்ததே. ஒன்றும் போடாமல், 1.008-ல் நின்ற பீர் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட் உள்ளே இருக்கலாம். மற்ற ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரைகளையும் அது உடைத்துத் தின்னும். சேசான் என்ற பெல்ஜிய பீர் வகைக்கான ஈஸ்ட் பலவற்றில் இது இயல்பாகவே உண்டு. வேறு பீரில் வந்தால் முந்தைய வாளியிலிருந்து தொற்றியது. எண் முழுதாக நிற்கும்வரை அடைக்காதீர்கள், ரப்பர் குழாய்களை மாற்றுங்கள்.

"ஆல்கஹால் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது"

கடையில் ஆல்கஹால் மீட்டர் என்று விற்பது தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டுமே உள்ள வடிசாராயத்துக்கானது. பீரில் மிச்சச் சர்க்கரை இருப்பதால் அது வேலை செய்யாது. பழுதில்லை, இடம் தப்பு.

பீரில் ஆல்கஹாலை நேராக அளப்பதில்லை, வித்தியாசத்திலிருந்து கணக்கிடுகிறோம். தொடக்கத்திலிருந்து முடிவைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.039-ல் தொடங்கி 1.009-ல் முடிந்தால் 0.030 பெருக்கல் 131.25, சுமார் 3.9 சதவீதம். புட்டியில் போடும் சர்க்கரை இன்னும் 0.3 வரை கூட்டும்.

கணிப்பானுக்குக் கணிப்பான் விடை மாறுகிறதே என்று குழம்புகிறவர்கள் உண்டு. 131.25 ஒரு சுருக்கு வழி. 1.050-ல் தொடங்கும் பீருக்கு நுணுக்கமான சூத்திரத்தோடு 0.1 தான் வித்தியாசம். 1.100-ல் தொடங்கி 1.020-ல் முடியும் கனமான பீருக்கோ சுருக்கு வழி 10.5 என்கிறது, நுணுக்கமானது 11.6 என்கிறது. கனமான பீருக்கு இரண்டாவதையே எடுங்கள்.

"தொடக்க அளவு எடுக்க மறந்துவிட்டேன்"

டின் கிட் என்றால் மேலே சொன்ன கணக்கே போதும். தானியத்தில் செய்தது என்றால் ஒரு பழைய ஆய்வக முறை இருக்கிறது. வாயு நீக்கிய பீரை 20 டிகிரியில் துல்லியமாக 250 மில்லி எடுத்து அடர்த்தியைக் குறியுங்கள். அதை அகலமான பாத்திரத்தில், பொங்காமல், மின்விசிறி ஓட, பாதிக்கும் கீழே வற்றும்வரை காய்ச்சுங்கள். ஆல்கஹால் போய்விடும். ஆறவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் மறுபடி அதே 250 மில்லிக்கு, அதே 20 டிகிரியில் கொண்டுவந்து அளந்து பாருங்கள். இப்போது எண் கூடியிருக்கும். 1.011 இருந்தது 1.018 ஆனால் ஏழு புள்ளி உயர்வு, ஆல்கஹால் சுமார் 5 சதவீதம்.

இங்கே ஒரு புள்ளி தப்பினால் 0.7 சதவீதம் தப்பும். சாதாரண ஹைட்ரோமீட்டரில் கோடுகள் இரண்டு புள்ளிக்கு ஒன்றாக இருக்கும், அதில் இதைப் படிக்க முடியாது. 0.990 முதல் 1.020 வரை மட்டும் காட்டும் குறுகிய அளவுகோல் உள்ள கருவி ஒன்று வாங்குங்கள். முடிவு அடர்த்தி எடுக்கவும் அதுவே நல்லது.

"வாளிக்குள் மிதக்கும் டிஜிட்டல் கருவி குதித்துக் குதித்துக் காட்டுகிறது"

இவை எவ்வளவு சாய்ந்து மிதக்கின்றன என்பதை வைத்து அடர்த்தியைச் சொல்கின்றன. மேலே திரளும் நுரையும் ஈஸ்ட்டும் ஒட்டினாலோ, ஹாப்ஸ் தட்டினாலோ, வாளிச் சுவரில் சாய்ந்தாலோ சாய்வு மாறும். நொதித்தல் வேகமாக நடக்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள இதைவிட வசதி இல்லை, நாளுக்கு நாலு முறை மூடியைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் வளைகோட்டின் போக்கை மட்டும் நம்புங்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஹைட்ரோமீட்டரில் எடுத்து எழுதிவையுங்கள்.